ஒரு வயலுக்கு மூன்று கோச்

மார்கழி பதினைந்தாம் தேதி காலை ஏழு மணிக்கு, பல் துலக்கிய கையோடு, கண்ணுசாமி ஒரு முடிவெடுத்தார். இனிமேல் எல்லா முடிவையும் தானே எடுப்பது என்ற முடிவு.

சிரிக்காதீர்கள். ஆளுக்கு ஐம்பத்து நாலு வயசு. நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஒன்பது அறுவடை மெஷினுக்குச் சொந்தக்காரர். 'சுடர்விழி அக்ரோ சர்வீசஸ், நிர்வாக இயக்குநர்' என்று தங்க எழுத்தில் விசிட்டிங் கார்டு அடித்து, அதைத் தூங்கும்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பவர். இப்படிப்பட்டவர் இனிமேல்தானா முடிவெடுக்கப் போகிறார் என்று கேட்பீர்கள். ஆமாம், இனிமேல்தான். இத்தனை நாளும் அந்த வேலையை அவர் மனைவி அம்சம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணுசாமியின் அப்பா அடுத்தவர் வயலில் குனிந்து கதிர் அறுத்தவர். கண்ணுசாமி சிங்கப்பூருக்குப் போய் ஒன்பது வருஷம் கட்டடங்களுக்குக் கம்பி கட்டினார். திரும்பி வந்ததும், நிலம் வாங்கு, வீடு கட்டு என்று சொன்னவர்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஒரு பழைய அறுவடை மெஷின் வாங்கினார். ஒன்று மூன்றாகி, மூன்று ஒன்பதாயிற்று. அது முழுக்க முழுக்க அவர் துணிச்சல். அதில் யாரும் பங்கு கேட்க முடியாது.

ஆனால் எந்த மெஷின் எந்த நாள் எந்த ஊருக்குப் போவது என்பது அம்சத்தின் கையில் இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருபது வருஷம், நடவுக்கு முப்பது பெண்களைச் சேர்த்து அழைத்துக்கொண்டு போனவள் அவள். சுற்றுப்பட்டு நாற்பது கிராமத்தில் எந்த வயல் மேடு, எது சேறு, எது முதலில் பழுக்கும், எந்த வயல்காரர் ராத்திரி ஒன்று சொல்லிக் காலையில் ஒன்று சொல்வார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அதனால் விவசாயிகள் அவளுக்குத்தான் போன் செய்வார்கள். ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே மூன்று மெஷினை மூன்று திசைக்குத் திருப்பிவிடுவாள். நிர்வாக இயக்குநர் அந்த நேரத்தில் டீசல் வாங்கப் போயிருப்பார்.

இது பதினோரு வருஷமாக ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது. கெடுத்தது ஒரு சால்வை.

முந்தின நாள் தஞ்சாவூரில் ஒரு பெரிய ஓட்டலில் கண்ணுசாமிக்கு 'டெல்டாவின் தொழில் தலைவர்' என்று சால்வை போர்த்தி விருது கொடுத்தார்கள். அதற்கென்று கோட் சூட் தைத்துப் போட்டுக்கொண்டு போனார். மேடையில் ஒருவர் பேசினார். உலகத்தில் ஜெயித்த எந்தத் தலைவரும் தனியாக ஜெயிக்கவில்லை, ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு எக்ஸிக்யூட்டிவ் கோச் இருக்கிறார், அவர் இதைச் செய் அதைச் செய் என்று உத்தரவு போட மாட்டார், சரியான கேள்விகளைக் கேட்பார், தலைவர் தானாகவே மலர்வார் என்றார். கண்ணுசாமிக்குப் புல்லரித்தது. சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கும்பகோணத்துப் பாத்திரக்கடை முதலாளி, உங்கள் கோச் யார் என்று சாதாரணமாகக் கேட்டார். இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, வாய் நிறைய வெண்பொங்கலைப் போட்டுக்கொண்டார் கண்ணுசாமி.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். விழா முடிந்து வாசலில் நின்றபோது, வாழ்த்துச் சொல்ல வந்த நாலு விவசாயிகளும் கையைக் குலுக்கிவிட்டு, அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தபடி ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அம்சம் அக்கா வரலீங்களா?"

அது சுருக்கென்று தைத்தது. ராத்திரி முழுக்கத் தைத்தது. விடிந்ததும் பல் துலக்கிவிட்டு நேராகச் சமையலறை வாசலில் போய் நின்றார்.

"அம்சம், நான் ஒரு எக்ஸிக்யூட்டிவ் கோச் வெச்சுக்கப் போறேன்."

"கபடிக்கா? இந்த வயசுல முட்டி தாங்குமாங்க?"

"கபடி இல்ல. தொழிலுக்கு. அவரு நம்மகிட்ட கேள்வி கேப்பாரு."

"கேள்வி கேக்க ஒரு ஆளா? நான் கேக்கறேனே. ஆறாம் நம்பர் வண்டிக்கு பெல்ட் மாத்தச் சொன்னேன், மாத்தினீங்களா?"

"அந்த மாதிரிக் கேள்வி இல்ல."

"ஏங்க, பதில் சொல்ல முடியற கேள்வின்னா கேக்கக் கூடாதா?"

கண்ணுசாமி மாற்றவில்லை. அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. பொங்கலுக்குப் பிறகு சம்பா அறுவடை மும்முரமாகும். இந்த சம்பாவுக்கு மெஷின் அனுப்புகிற பொறுப்பு முழுவதும் தன்னுடையது என்று அறிவித்தார். ஒரு தலைவன் இருக்கிற கம்பெனியில் முடிவு சமையலறையிலிருந்து வரக் கூடாது என்றார். அம்சம் கத்தரிக்காயை நறுக்கி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, மெஷின் அனுப்புவது கிடக்கட்டும், முதலில் அந்தக் கோச்சை நீங்களாகவே, யார் சொல்லையும் கேட்காமல், பொங்கலுக்குள் தேர்ந்தெடுத்துக் காட்டுங்கள் என்றாள். காட்டினால் இந்த சம்பா அவருடையது. போன் உட்பட. காட்டாவிட்டால் இந்தப் பேச்சை அவர் ஆயுசுக்கும் எடுக்கக் கூடாது.

"நீ நடுவுல ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"யாரைத் தேர்ந்தெடுக்கறதுன்னு ஒரு வார்த்தை பேச மாட்டேன். வந்தவங்களுக்குச் சோறு போடலாம்ல?"

"போடு."

இவ்வளவு சுலபமாக அவள் ஒப்புக்கொண்டபோதே மனுஷன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. வெற்றி பெற்றவர் மாதிரி டீசல் வாங்கப் போனார்.

சென்னையில் சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் மகள் சுடர்விழி மூன்று பெயர்களை அனுப்பினாள். சென்னையில் ஒருவர், கோயம்புத்தூரில் ஒருவர், திருவாரூரிலேயே ஒருவர். முதல் சந்திப்புக்குக் கட்டணம் கிடையாது. பேசிப் பார்த்து இரண்டு பக்கமும் பிடித்திருந்தால் ஆறு மாச ஒப்பந்தம். மூவரும், இதற்கு முன்னால் தாங்கள் பயிற்சி கொடுத்த முதலாளிகளின் பெயரையும் போன் நம்பரையும் அனுப்பியிருந்தார்கள், விசாரித்துக்கொள்ளுங்கள் என்று. ஒரு படித்த மனுஷனைப் பற்றி மூன்றாம் ஆளிடம் விசாரிப்பது மரியாதையில்லை என்று கண்ணுசாமி அந்தக் காகிதத்தை மடித்து மெஷின் டைரிக்குள் செருகிவிட்டார். மெஷின் டைரியை அந்த வீட்டில் யார் தினமும் பிரிப்பார்கள் என்பதை அவர் யோசிக்கவில்லை.

இன்னொன்றையும் யோசிக்கவில்லை. அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் அவர் தொழிலில் அதுதான் சரி. அறுவடைக் காலத்தில் ஒரு வயலுக்கு ஒரு மெஷின் வேண்டுமென்றால் மூன்று பேரிடம் சொல்லி வைக்க வேண்டும். மூவரும் 'காலையில பத்து மணிக்கு வண்டி வயல்ல நிக்கும்' என்று சத்தியம் செய்வார்கள். ஒருவர் வருவார், அவரும் மூன்று மணிக்கு வருவார். கண்ணுசாமியே ஒரே காலையில் மூன்று ஊருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு ஒரு ஊருக்கு மட்டும் மெஷின் அனுப்பியவர்தான். ஆகவே அந்த அனுபவத்தின்படி, மூன்று கோச்சுகளுக்கும் தனித்தனியாகப் போன் போட்டு, அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்.

மூன்று பேரும் வந்தார்கள். பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்தார்கள்.

சென்னைக்காரர் நீலக் கோட்டு போட்டுக்கொண்டு காரிலிருந்து இறங்கினார். கோயம்புத்தூர்க்காரர் லேப்டாப் பையோடு இன்னொரு காரிலிருந்து இறங்கினார். திருவாரூர் மீரா உசேன் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி, குடையை மடக்கிக்கொண்டு நடந்து வந்தார். துபாயில் துறைமுகக் கம்பெனி ஒன்றில் முப்பது வருஷம் ஆட்களை மேய்த்துவிட்டு, அதற்கப்புறம் இந்தப் படிப்பைப் படித்தவர். போர்ட்டிகோவில் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூவரும் அவரவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

கண்ணுசாமிக்கு வியர்த்தது. பதினோரு வருஷத் தொழிலில் இப்படி ஒரு அநியாயத்தை அவர் பார்த்ததில்லை. சொன்ன நேரத்துக்கு வந்தால் எப்படி? ஆனாலும் தலைவர் அல்லவா, சமாளித்தார். இது போட்டித் தேர்வு என்றும், ஒவ்வொருவராக உள்ளே வரலாம் என்றும் அறிவித்தார். இரண்டு பேர் முகம் சுருங்கியது. மீரா உசேன் மட்டும் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே சௌகரியமாக உட்கார்ந்துகொண்டார்.

சென்னைக்காரர் முதலில் வந்தார். குரலே கம்பீரமாக இருந்தது.

"சார், அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க எங்க இருக்கணும்னு ஆசைப்படறீங்க?"

"இங்கதான் சார். சிங்கப்பூர்ல இருந்தது போதும். இனிமே ஊரைவிட்டு எங்கயும் போறதா இல்ல."

சென்னைக்காரர் அதை எழுதிக்கொண்டு, மிக ஆழமான பதில் என்றார். கண்ணுசாமி அந்தக் கணமே அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார். தன் வாயிலிருந்து ஆழமாக ஒன்று வந்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

கோயம்புத்தூர்க்காரர் லேப்டாப்பைத் திறந்து எழுபது கேள்வி கேட்டார். முடிவில் ஒரு வண்ண வட்டம் வந்தது. அதன்படி கண்ணுசாமி ஒரு கழுகு. கழுகு என்றால் உயரத்திலிருந்து பார்க்கிறவர், தனியாக முடிவெடுக்கிறவர். கண்ணுசாமிக்கு இவரையும் பிடித்தது. கடைசியாக ஒரே ஒரு கேள்வி என்றார் அவர்.

"உங்க கம்பெனியில கடைசி வார்த்தை யாரோடது?"

"என்னோடதுதான்."

அப்போது சமையலறையிலிருந்து அம்சத்தின் குரல் கேட்டது. "மூணாம் நம்பரை நிறுத்துடா. அந்தக் கொல்லை இன்னும் காயல, இறக்கினா புதைஞ்சுடும். நீ நேரா அச்சுதமங்கலம் போ. அண்ணன் என்னடா அண்ணன், நான் சொல்றேன், போ."

கோயம்புத்தூர்க்காரர் எதையோ அழித்துவிட்டு எதையோ தட்டினார். வட்டத்தில் கழுகைக் காணோம். என்ன வந்தது என்று கண்ணுசாமி கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மீரா உசேன் உள்ளே வந்து உட்கார்ந்தார். விருதுக் கேடயத்தைப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு சாவகாசமாக ஆரம்பித்தார்.

"ஆறு மாசம் கழிச்சு நீங்க நல்ல தலைவரா ஆயிட்டீங்கன்னு வெச்சுக்குவோம். அது முதல்ல யாருக்குத் தெரியணும்னு நினைக்கிறீங்க?"

"ஊருக்கு."

"ஊருக்கா?"

அவ்வளவுதான் கேட்டார். அதட்டவில்லை, சிரிக்கவில்லை. சரியான பதில் பக்கத்து அறையில் தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. இந்தப் பதினோரு வருஷத்தில், முதல் மெஷினை வாங்கி வந்த நாளைத் தவிர, அவள் ஒரு தடவைகூடத் தன்னை ஆச்சரியமாகப் பார்த்ததில்லையே என்று அவருக்கு அழுகையாக வந்தது. வந்த அழுகையைக் கோபமாக்கிக்கொண்டார். பஸ்ஸில் வந்த ஆளெல்லாம் நம்மை மடக்குவதா என்று எழுந்துவிட்டார். மீரா உசேன் தேர்வில் தோற்றார்.

கண்ணுசாமி வெளியே வந்து, சாப்பாடு ஆனதும் தன் முடிவை அறிவிப்பதாகச் சொன்னார். இலை போட்டாயிற்று. அம்சம் சொன்ன சொல் தவறவில்லை. தேர்வைப் பற்றி மூச்சு விடவில்லை. சென்னைக்காரரிடம் குழந்தைகள் எத்தனை என்று கேட்டாள். கோயம்புத்தூர்க்காரரிடம், எங்கள் ஊர்ச் சாம்பார் உங்களுக்குக் காரமா என்று கேட்டாள். மீரா உசேனுக்குக் கேட்காமலே இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

முடிவை லுங்கியோடு அறிவிப்பது சரியில்லை என்று கண்ணுசாமிக்குத் தோன்றியது. சீக்கிரமாகச் சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போய், விருதுக்குத் தைத்த கோட்டை எடுத்தார். விருதுக்கும் இன்றைக்கும் இடையில் பத்து நாள்தான். அதற்குள் பொத்தான் வயிற்றைத் தாண்ட மறுத்தது. மூச்சைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். கண்ணாடி முன்னால் நின்று, "நான், கண்ணுசாமி, தீர்க்கமாக ஆலோசித்து" என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். மூன்றாவது விதம் நன்றாக இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்துப் படியிறங்கினார்.

கூடத்தில் மீரா உசேன் மட்டும் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு காரையும் காணோம்.

"அம்சம், சென்னைக்காரரு எங்க?"

"பஞ்சநதம் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிட்டேன். இந்நேரம் பாலம் தாண்டியிருப்பாரு."

"கோயம்புத்தூர்க்காரரு?"

"வைரக்கண்ணு அரிசி மில்லுக்கு. அவருக்கு வழி தெரியாதுன்னு நம்ம டிரைவரை முன்னால பைக்ல விட்டிருக்கேன்."

"யாரைக் கேட்டு அனுப்பினே?"

"இதுல கேக்க என்னங்க இருக்கு? ஒரு வயலுக்கு மூணு வண்டி வந்து நின்னா, ஒண்ணை இறக்கிட்டு மிச்சம் ரெண்டைப் பக்கத்து ஊருக்குத் திருப்பி விடணும். நம்மளை நம்பி வந்த வண்டியைச் சும்மா அனுப்பினா அடுத்த வருஷம் ஒருத்தன் நம்ம பக்கம் எட்டிப் பார்ப்பானா? நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே இது."

"அவங்க வண்டி இல்ல, அம்சம். கோச்."

"வாடகைக்கு வந்தவங்கதானே?"

கண்ணுசாமி கோட்டுக்குள் திணறினார். பஞ்சநதம் என்பவர் யார் தெரியுமா? வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஏழு மெஷின் வைத்துக்கொண்டு, கண்ணுசாமி எந்தக் கலரில் பெயின்ட் அடித்தாலும் மறு வாரம் அதே கலரில் அடிக்கிற ஆள். அம்சம் போன் போட்டு, எங்கள் வீட்டுக்காரர் மூன்று கோச் வரவழைத்திருக்கிறார், ஒருவர் உபரியாக இருக்கிறார், உங்களுக்கு வேண்டுமா என்று கேட்டதும், பஞ்சநதம் கோச் என்றால் என்னவென்றுகூடக் கேட்கவில்லை. உடனே அனுப்பு என்றாராம். சும்மா அனுப்புவாளா அம்சம்? பொங்கல் கழிந்த வாரத்துக்கு அவருடைய சேற்று வயலில் இறங்குகிற பெல்ட் மெஷின் இரண்டை நமக்கு முதலில் விடுவதாக வாக்கு வாங்கிக்கொண்டுதான் அனுப்பியிருந்தாள்.

"ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு சொன்னியே."

"யாரைத் தேர்ந்தெடுக்கணும்னு நான் ஒரு வார்த்தை பேசினேனா? இப்பவும் சொல்றேன், உங்க இஷ்டம். இருக்கறவங்கள்ல யாரை வேணா வெச்சுக்குங்க."

இருக்கிறவர் மோரை வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அது சரி, இவரை மட்டும் ஏன் நிறுத்தி வெச்சே?"

அம்சம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு விவரம் சொன்னாள். டைரியில் இருந்த நம்பர்களுக்குப் போன் போட்டிருக்கிறாள். எடுத்த முதலாளிகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. தங்களைப் பற்றித் தாங்களே நல்லதாகத்தானே சொல்லிக்கொள்வார்கள். போனை வீட்டம்மாவிடம் கொடுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

"அந்தச் சென்னைக்காரரு போயிட்டு வந்த வீட்டுல, அந்த ஆளு காபி கேக்கறதுன்னாலும் கண்ணாடி முன்னால ரெண்டு தடவை பேசிப் பார்த்துட்டுத்தான் கேக்கறாராம். கோயம்புத்தூர்க்காரரு கணக்குப்படி அந்த வீட்டம்மா ஆமையாம். ஆறு மாசமா புருஷன் அவங்களை ஆமைன்னுதான் கூப்பிடறாராம். பாய் போயிட்டு வந்த வீட்டுல மட்டும், 'இப்பல்லாம் நான் ஒண்ணு சொன்னா முடிக்கிற வரைக்கும் கேக்கறாரு'ன்னு சொல்லிட்டு அந்தம்மா போன்லயே அழுதுட்டாங்க. வேற என்னங்க வேணும் ஒரு கோச்சுக்கு?"

நியாயமாகப் பார்த்தால், இதைவிட நன்றாக ஒரு கோச்சை எந்தக் கம்பெனியும் விசாரித்திருக்க முடியாது. கண்ணுசாமிக்கே அது தெரிந்தது. அதுதான் அவரைக் கொதிக்க வைத்தது. சரியான ஆளையே வைத்துக்கொண்டாலும் அது அவள் வைத்த ஆள். இந்த சம்பா போனாலும் போகட்டும், இதை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று மீரா உசேன் பக்கம் திரும்பினார்.

"பாய், உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா உங்களை நான் தேர்ந்தெடுக்கல."

"சரிங்க. தேர்ந்தெடுக்க வேண்டியது நீங்கதான்," என்றார் மீரா உசேன். "யாரையாவது பிடிச்சதும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. சந்தோஷப்படுவேன்."

குடையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனார். அம்சம் பின்னாலேயே போய் ஒரு சீப்பு பூவன் பழத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். அவள் முகம் லேசாகச் சுருங்கியிருந்ததைக் கண்ணுசாமி பார்த்தார். அடடா, என்ன ஆனந்தம். வந்த வண்டியைச் சும்மா திருப்பி அனுப்பிய முதல் ஆள் இந்த டெல்டாவிலேயே நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்தினார். பொத்தான் தெறித்தது.

இனி நாலாவதாக ஒருவரைப் பிடிக்க வேண்டும். மகளையும் கேட்கக் கூடாது; அவளும் அம்மா கட்சி. கண்ணுசாமி செல்போனில் ஒற்றை விரலால் தேடினார். ஒரு வாரம் தேடினார். வழியெல்லாம் அவமானம். கடைத்தெருவில் பஞ்சநதம் நீலக் கோட்டில் எதிரே வந்து, "கண்ணுசாமி, அஞ்சு வருஷம் கழிச்சு நீ எங்க இருக்கணும்னு ஆசைப்படறே?" என்று கேட்டார். "உன் கண்ணுல படாத இடத்துல," என்று சொல்லிவிட்டு வந்தார். வைரக்கண்ணு மில்லில் கணக்கப்பிள்ளை முதல் மூட்டை தூக்குகிறவர் வரை எல்லோரும் ஒருவரையொருவர் என்ன மிருகம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

போகி வந்துவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் தேர்ந்தெடுத்தாக வேண்டும். வீட்டில் பேசினால் சுவருக்கும் காது என்று, கண்ணுசாமி மத்தியானமே வாய்க்கால் கரைக்குப் போய்விட்டார். சுற்றிலும் பழுத்த சம்பா. ஆள் நடமாட்டம் இல்லை. பெங்களூரில் இருக்கும் ஒரு தமிழ்க் கோச்சின் நம்பர் அவர் கையில் இருந்தது. நாற்பது கம்பெனித் தலைவர்களை உருவாக்கியவராம். யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் அனுப்பி வைக்கவில்லை. அவரே, தன் சொந்த விரலால் தேடி, தன் சொந்த மூளையால் பொறுக்கி எடுத்த ஆள். பெருமையோடு நம்பரை அழுத்தினார்.

மறுமுனையில் ஆள் மிகவும் மரியாதையாகப் பேசினார். கண்ணுசாமி தன் தொழிலைச் சொன்னார், ஒன்பது மெஷினைச் சொன்னார், விருதைச் சொன்னார். தன் கோச்சைத் தானே தேர்ந்தெடுப்பதாகவும், அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகவும் ஒரே மூச்சில் சொன்னார். அவர் மகிழ்ந்துபோனார். இப்படித் தெளிவாக முடிவெடுக்கிற தலைவர்கள் அபூர்வம் என்றார். கண்ணுசாமிக்குக் கண் கலங்கியது. சம்பா கைக்கு வந்துவிட்டது. போன் கைக்கு வந்துவிட்டது. சாயங்காலம் வீட்டுக்குப் போய், அம்சம் முன்னால் நின்று, அவள் ஆச்சரியப்படுவதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

"எந்த ஊர்லேர்ந்து சார் பேசறீங்க?" என்றார் பெங்களூர்க்காரர்.

"நன்னிலம் பக்கம்."

"அட, நன்னிலமா? அப்ப வேலை சுலபம் சார். டெல்டா பக்கம் நாங்க யாருமே நேரா வர்றதில்ல, அங்க ஒரு மேடம் இருக்காங்க. எங்க கோச்சுங்க வாட்ஸ்அப் குரூப்ல எல்லார்கிட்டயும் அவங்க நம்பர் இருக்கு. போன வாரம் ஒரே மத்தியானத்துல எங்க ஆளுங்க ரெண்டு பேருக்கு இடம் பிடிச்சுக் கொடுத்தாங்க. முந்தாநாள் பேராவூரணியில ஒரு தேங்காய் முதலாளிக்கு ஒருத்தரை அனுப்பி வெச்சாங்க. எந்த ஆளுக்கு எந்தக் கோச் ஒத்துவரும்னு அவங்களுக்குத் தெரியற மாதிரி எங்களுக்கே தெரியாது. அவங்க சரின்னு சொல்லிட்டா நான் நாளைக்கே கிளம்பிடறேன். வைக்காதீங்க, இந்த லைன்லயே அவங்களைச் சேர்த்துவிடறேன்."

கண்ணுசாமி வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மணி அடித்தது. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். பின்னால் கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்கண்ணே, எந்த ஊரு? பெல்ட் வண்டியா, டயர் வண்டியா, கோச்சா?"